லேடீஸ் முன்னாடி போகட்டும்

எங்கள் லைனில் காலை வேலை தொடங்குவதற்கு முன் ஒரு சடங்கு உண்டு. எல்லோரும் அவரவர் இடத்தில் நிற்போம். முதல் ஸ்டேஷனில் நிற்பவள் கையைத் தூக்கி "ஓகே" என்பாள். அடுத்தவள் "ஓகே". அப்படியே வரிசையாகக் கடைசி ஆள்வரை அந்தச் சொல் ஓடும். ஆளும் சரி, மிஷினும் சரி, ஆரம்பிக்கலாம் என்று அர்த்தம். கோளாறு இருந்தால் "என்ஜி" என்று சொல்ல வேண்டும். நாட் குட். டேப் தீர்ந்துவிட்டது, ஒயர் வரவில்லை, உடம்புக்கு முடியவில்லை, எதுவானாலும் என்ஜிதான். பயப்படாமல் சொல்லுங்கள் என்று டிரெயினிங்கில் சொல்லிக்கொடுத்தார்கள். நான் அதை நம்பினேன்.

ஒரகடத்தில் கார்களுக்கு ஒயரிங் கட்டும் கம்பெனி அது. சாய்த்து நிறுத்திய பெரிய போர்டுகள் எங்கள் முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கும். நின்ற இடத்தில் நின்று ஒயரை இழுத்துப் பொருத்தி, டேப் சுற்றி அனுப்ப வேண்டும். நான் டிப்ளமோ மெக்கானிக்கல். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து, இருங்காட்டுக்கோட்டையில் வாடகை அறை ஒன்றில் தோழிகளோடு தங்கியிருந்தேன். எதையும் சீக்கிரம் பிடித்துக்கொள்வேன், சீக்கிரம் சலித்தும் போவேன். லைனில் சலிப்புத் தட்டியபோது நான் கவனிக்கத் தொடங்கியது வேகத்தை.

போர்டின் வேகத்தைக் கூட்டும் திருகு, சூப்பர்வைசரின் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு பெட்டிக்குள் இருந்தது. அவர் அதை ஒருபோதும் சட்டென்று கூட்ட மாட்டார். டீ பிரேக் முடிந்து வந்ததும் ஒரு துளி. சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு துளி. கண்ணுக்குத் தெரியாது, முழங்கைக்குத் தெரியும். வேகம் கூடினால் நம் வேலை முடிவதற்குள் போர்டு நகர்ந்துவிடும். அதைத் துரத்திக்கொண்டே நாமும் நகர்வோம், பக்கத்தில் நிற்பவளை இடிப்போம். எனக்கு அடுத்து நின்றவர் மணிமங்கலத்து அக்கா. நான் இடித்ததும் தலையைத் திருப்பாமலே சொல்வார்: "துன்னுட்டு வந்து திருகிட்டாம்மே."

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்த ஊரில் எந்த கம்பெனிக்குப் போனாலும் ஒரு திருகும் ஒரு சூப்பர்வைசரும் இருப்பார்கள். நான் பொறுக்காதது வேறு.

ஒருநாள் காலை எனக்கு வயிற்றுவலி. எந்த வயிற்றுவலி என்று பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆண்களுக்குச் சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. கம்பெனி பஸ்ஸில் மடங்கித்தான் உட்கார்ந்து வந்தேன். ஓகே, ஓகே என்று ஓடி வந்த சொல் என்னிடம் வந்து நின்றது. நான் "என்ஜி" என்றேன். மாற்று ஆளைப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் படுக்க விட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

சூப்பர்வைசர் வந்து என்ன என்று கேட்டார். உடம்பு முடியல சார் என்றேன். அவர் சிரித்தார். திட்டியிருந்தால் ரெண்டு நாளில் மறந்திருப்பேன். சிரித்துக்கொண்டே லைனைப் பார்த்துத் திரும்பி, என்ஜி பீஸ் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று வகுப்பில் கேட்கிற மாதிரி கேட்டார். டேக் போடணும் சார் என்று யாரோ ஒருவன் சொன்னான். கெட்டுப்போன பொருளில் மாட்டுகிற சிவப்பு அட்டை அது. அதில் காரணம் எழுத ஒரு கட்டம் இருக்கும். காரணம் எழுதாத டேக் செல்லாது என்று எங்களுக்கு ஓயாமல் பாடம் எடுப்பவர் அவர்தான். பேனாவை எடுத்தார். அந்தக் கட்டத்தில் 'டிராமா' என்று எழுதினார். அட்டையை என்னிடம் நீட்டி, "நீயே மாட்டிக்கோ" என்றார்.

அட்டையை யூனிபார்ம் கோட்டில் பின் குத்திக்கொண்டு, ரிஜெக்ட் டிராலிக்குப் பக்கத்தில், காலை மீட்டிங் முடிகிறவரை நின்றேன். சிலர் சிரித்தார்கள். சிரிக்காதவர்கள் தரையைப் பார்த்தார்கள். பிறகு என் இடத்துக்குப் போய் ஷிப்ட் முடிகிறவரை ஒயர் கட்டினேன். அக்கா தன் வேலையோடு என் வேலையில் பாதியையும் சேர்த்துக் கட்டினார். அட்டையைத் திருப்பிக் கொடு என்று யாரும் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.

அன்றைக்கு எனக்கு ஒரே ஒரு ஆசை பிறந்தது. அவர் வேலை போக வேண்டாம். என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம். எல்லோர் முன்னாலும் தன் வாயால் 'என்ஜி' என்று அவர் சொல்ல வேண்டும். அதை நான் என் காதால் கேட்க வேண்டும்.

அக்காவிடம் மட்டும் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அவனா? செத்தாகூட ஓகேன்னுதான் சாவான்" என்றார்.

வருஷத்துக்கு ஒரு முறை லைனில் எல்லோரையும் கம்பெனி எங்காவது கூட்டிப்போகும். பெரும்பாலும் கடற்கரையோரம் ஏதாவது ரிசார்ட். நீச்சல் குளம், மைக்கில் பாட்டு, பிரியாணி. அந்த வருஷம் ஏற்பாட்டை யார் பார்ப்பது என்று கேட்டபோது நான் கையைத் தூக்கினேன். மலை என்றேன். காட்டுக்குள் நடை என்றேன். வனத்துறையே அனுமதி கொடுத்து வழிகாட்டியோடு அனுப்புகிற பாதைகள் இருக்கின்றன, ஆனைமலைப் பக்கம் ஒன்று இருக்கிறது, சோலைக்காட்டுக்குள் ஏறிப் புல்வெளிக்குப் போய் உச்சியில் நின்றால் வரையாடு பார்க்கலாம் என்று போனில் படம் படமாகக் காட்டினேன்.

இதில் பொய் எதுவும் இல்லை. மலைப் பைத்தியம் எனக்கு முன்பே உண்டு. எங்கள் கரிசல் பூமியில் மலை என்பது மேற்கே தூரத்தில் தெரியும் ஒரு நீலக்கோடு. அதன் மேல் ஏற வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே ஆசை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஷேர் ஆட்டோ பிடித்துச் செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக்குப் போவேன். கரை நெடுக ஓடுவேன். கரையில் ஆடு மேய்ப்பவர்கள் முதலில் என்னை யாரோ துரத்துகிறார்கள் என்று நினைத்து எழுந்து நின்றார்கள். பிறகு பழகிவிட்டார்கள்.

சூப்பர்வைசர் மலைக்கு மறுப்புச் சொல்லவில்லை. காலேஜ் படிக்கும்போது வெள்ளியங்கிரியில் ஏழு மலையும் ஏறினவன் நான், இதெல்லாம் எனக்கு ஒரு மேட்டரே இல்லை என்றார். கேட்டுக்கொண்டே அவர் வயிற்றைப் பார்த்தேன். சட்டைப் பொத்தான்கள் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தன. அவருக்கு ஏசி கேபினும் சுற்றுகிற நாற்காலியும் உண்டு. லைனில் எங்களுக்கு உட்கார ஸ்டூல்கூடக் கிடையாது. நாள் முழுக்க நிற்கிற கால்கள் எங்களுடையவை. இந்த வித்தியாசம் அவருக்கு ஏனோ தோன்றவே இல்லை.

பையில் எல்லோருக்குமாக ஓஆர்எஸ் பாக்கெட்டுகள், பஞ்சு, அட்டைப்பூச்சிக்கு உப்பு எல்லாம் எடுத்துவைத்தேன். அடியில் அந்தச் சிவப்பு அட்டையையும் ஒரு பேனாவையும் வைத்தேன்.

காட்டின் வாசலில் செக்போஸ்ட். பைகளைப் பிரித்துப் பார்த்து, மருந்தைத் தவிர மற்ற பிளாஸ்டிக்கை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டார்கள். சிப்ஸ் பாக்கெட்டுகளைப் பறிகொடுத்த பையன்கள் அங்கேயே நின்று அவற்றைத் தின்று தீர்த்தார்கள். எங்களோடு இரண்டு வழிகாட்டிகள், இருவரும் அந்த மலைக்காரர்கள். பெரியவர் முன்னால் நடப்பார், இளையவர் வரிசையின் கடைசியில் வருவார். சத்தம் போடக்கூடாது, பாதையை விட்டு இறங்கக்கூடாது, ஒருவருக்கும் இன்னொருவருக்கும் நடுவில் இடைவெளி விடக்கூடாது, யானை நடமாடுகிற இடம் என்று பெரியவர் சொன்னார். கடைசியாக ஒரு விதி சொன்னார். மெதுவாக நடப்பவர்கள் முன்னால் போக வேண்டும். அவர்களை யாரும் தாண்டக்கூடாது. அப்போதுதான் யாரும் பின்தங்க மாட்டார்கள். யார் மெதுவாக நடப்பீர்கள் என்று கேட்டார்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சூப்பர்வைசர் புதுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "இதுல என்ன டவுட்? லேடீஸ் முன்னாடி போகட்டும். நான் கடைசில வந்து எல்லாரையும் பார்த்துக்கறேன்."

அந்தப் பச்சை வாசலில் நின்றுகொண்டிருந்த எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. திருகை எடுத்து அவரே என் கையில் கொடுத்துவிட்டார்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. காலையில் எங்கள் கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஒரகடம் ரோட்டில் போகும். முன்னால் போகிற பஸ் லேசாக வேகத்தைக் கூட்டினால், இரண்டாவது பஸ் இன்னும் கொஞ்சம் கூட்ட வேண்டும். கடைசி பஸ் இடைவெளியை மூடப் பறந்து வரும். முன் பஸ் லேசாக பிரேக் தொட்டால் கடைசி பஸ்ஸில் நிற்பவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுவார்கள். நான் எப்போதும் கடைசி பஸ். வரிசையின் வாலில் இருப்பவன் நடப்பதே இல்லை, ஓடுவான், முட்டிக்கொண்டு நிற்பான், மறுபடி ஓடுவான். சூப்பர்வைசர் தானாகவே போய் வாலில் நின்றார்.

பெரியவருக்குப் பின்னால் முதல் ஆளாக நான். எனக்குப் பின்னால் மற்றப் பெண்கள், அப்புறம் ஆண்கள், கடைசியில் அவர், அவருக்கும் பின்னால் இளைய வழிகாட்டி. அக்கா மட்டும் ஷூ லேஸ் கட்டுகிற சாக்கில் ஒதுங்கி நின்று, பின்னால் போய் சூப்பர்வைசருக்கு முன்னால் சேர்ந்துகொண்டார். போகும்போது என் காதில், "நியூஸ் வாசிக்க ஆள் வாணாமா?" என்றார்.

முதலில் மெதுவாகத்தான் நடந்தேன். மூங்கில், பிறகு சோலை. ஈரத் தழை மணம், மரத்தின் மேல் மரம் முளைத்த மாதிரி பாசி, வெயிலே இறங்காத பாதை. எங்கோ மேலே இருவாச்சிப் பறவை ஒன்று சிறகடித்துப் போன சத்தம் கரி என்ஜின் மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. நான் மறந்தே போனேன். உண்மையாகவே கொஞ்ச நேரம் அவரை மறந்து போனேன். பின்னாலிருந்து அவர் உரக்கப் பாடுகிற குரல் கேட்டது. சத்தம் போடக்கூடாது என்று சொன்ன காட்டில். அதைக் கேட்டதும் ஒரு துளி திருகினேன்.

திருகுவது என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. பெரியவரின் குதிகாலுக்கும் என் கால்விரலுக்கும் நடுவே இருந்த இடைவெளியைக் கொஞ்சம் குறைத்தேன். பின்னால் ஆள் நெருங்கினால் முன்னால் போகிறவர் தன்னை அறியாமல் கொஞ்சம் வேகமாகப் போவார். ஒரு ஓடையைத் தாண்டிய பிறகு இன்னொரு துளி. வேர்கள் படிக்கட்டு மாதிரி கிடந்த ஏற்றத்தில் ஒரு துளி. சட்டென்று எதையும் செய்யவில்லை. நான் பாடம் படித்த இடம் அப்படி.

முதல் செய்தி வாய் வாயாக முன்னால் வந்தது. சார் பாடுவதை நிறுத்திவிட்டார். எனக்குப் பின்னால் வந்த பெண் அதை என்னிடம் சொல்லிவிட்டு, எதற்கு இதையெல்லாம் சொல்லி அனுப்புகிறார்கள் என்று கேட்டாள். சும்மாதான் என்றேன். கொஞ்ச தூரம் போனதும் அடுத்தது. சார் பேக்கை ஒரு பையனிடம் கொடுத்துவிட்டார். பிறகு, சார் போட்டோ எடுக்கணும்னு நின்றார், கடைசியில் வரும் வழிகாட்டி நிற்க விடவில்லை. பிறகு, சார் ஷூவுக்குள் அட்டைப்பூச்சி ஏறிவிட்டது, உப்பு கேட்கிறார். உப்பை வாய்வழிச் செய்தி மாதிரியே கைமாற்றி அனுப்பினேன். நிற்கவில்லை.

பெரியவர் ஒரு திருப்பத்தில் நின்று என்னைப் பார்த்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "ஏன் அம்மிணி, ஆனையா தொரத்துது?" என்று கேட்டார். எதுவும் துரத்தவில்லை அண்ணே, உச்சிக்கு மேகம் வருவதற்குள் போய்விடலாம் என்றுதான் என்றேன். அதுவும் பொய் இல்லை. எனக்கு அந்த உச்சி வேண்டும். அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். மறுபடி நடக்கத் தொடங்கினார்.

அடுத்து வந்த செய்தி சாரைப் பற்றியது இல்லை. அக்காவுக்கு முட்டி வலிக்கிறதாம். என் கால் தானாகவே தளர்ந்தது. ஒருவருக்காக இத்தனை பேரை இழுக்கிறேனே என்று தோன்றியது. அக்கா வீட்டில் தண்ணீர்க் குடம் தூக்குவதும் அவர்தான், மாமியாரைத் தூக்கி உட்கார வைப்பதும் அவர்தான். கொஞ்சம் நிற்கலாமா என்று நினைப்பதற்குள் அந்தச் செய்தியின் மறுபாதியும் வந்து சேர்ந்தது. நிறுத்த வேணாமாம். அப்பிடியே போவச் சொன்னாங்க.

சோலை முடிந்தது. தலைக்கு மேலிருந்த கூரையைத் தூக்கி எறிந்த மாதிரி சட்டென்று வெளிச்சம். எதிரே செங்குத்தாகப் புல்வெளி, அதன் முடிவில் பாறையாக உச்சி. காற்று புல்லை ஒரு பக்கமாகச் சீவிக்கொண்டிருந்தது. அங்கேதான் வரையாடு நிற்கும் என்று பெரியவர் கையைக் காட்டினார். நான் கையை வைத்து வெயிலை மறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்தச் செய்தி வந்தது.

லேடீஸ் எல்லாம் டயர்டா இருப்பாங்க, கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க என்று சார் சொல்கிறாராம்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. தன் மூச்சு வாங்குவதையும் எங்கள் கணக்கில் எழுதுகிறார். நான் திரும்பி நின்றேன். புல்வெளியில் மறைக்க ஒன்றும் இல்லை. கீழே கடைசி ஆள்வரை எல்லோரும் தெரிந்தார்கள். கையைத் தூக்கினேன். "ஓகே" என்றேன்.

எனக்கு அடுத்து நின்றவளுக்கு ஒரு நொடி புரியவில்லை. பிறகு சிரித்துவிட்டாள். கையைத் தூக்கினாள். "ஓகே." அடுத்தவள் "ஓகே." அந்தச் சொல்லைத் தினம் காலையில் சொல்லிச் சொல்லி எங்கள் வாய்க்குப் பழகிப்போயிருந்தது. அது தானாகவே சரிவில் இறங்கி ஓடியது. பையன்கள் விறைப்பாக நின்று சொன்னார்கள். சாரின் பையைச் சுமந்தவன் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான். அக்கா முட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை மற்ற எல்லோரையும்விட உயரமாகத் தூக்கி, "டபுள் ஓகே" என்றார்.

அடுத்து சூப்பர்வைசரின் முறை.

அவர் இரண்டு கைகளையும் தொடையில் ஊன்றிக் குனிந்திருந்தார். தொப்பி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இளைய வழிகாட்டி அவர் தோளைத் தொட்டு ஏதோ கேட்டார். அவர் தலையை ஆட்டினார். எல்லோரும் திரும்பி அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் நிமிர்ந்து பார்த்தார், வரிசையைப் பார்த்தார், சொல்லாமல் தப்ப முடியாது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அந்தச் சடங்கை எங்களுக்குப் பழக்கியதே அவர்தான்.

"என்ஜி" என்றார்.

மெதுவாகத்தான் சொன்னார். காற்று எங்கள் பக்கம் அடித்துக்கொண்டிருந்ததால் எனக்குக் கேட்டது. அந்தக் காற்றை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

பெரியவரிடம் சொல்லிவிட்டு வரிசையோரமாகக் கீழே இறங்கிப் போனேன். சூப்பர்வைசர் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. கணுக்காலில் ரத்தம் கோடாக வழிந்து காய்ந்திருந்தது. பையைத் திறந்து சிவப்பு அட்டையை எடுத்து நீட்டினேன்.

நான் எத்தனையோ தடவை மனதுக்குள் நடத்திப் பார்த்த காட்சி இது. ஆனால் அதில் இல்லாத ஒன்றை அவர் செய்தார். சிரித்துவிட்டார். பெரிய விளையாட்டு மாதிரி கையைத் தட்டி, "சூப்பர், ரூல்னா ரூல்தான், பின் இருக்கா?" என்றார். அட்டையை வாங்கிச் சட்டையில் வைத்துக்கொண்டு கட்டைவிரலை உயர்த்தினார். பையன்கள் போனை எடுத்தார்கள். சார் செம ஸ்போர்ட்டிவ் என்று ஒருவன் சொன்னான். எல்லோரும் சிரிக்கத் தொடங்கினார்கள், அவரோடு சேர்ந்து.

அன்றைக்கு ரிஜெக்ட் டிராலிக்குப் பக்கத்தில் நின்றபோதும் இதே சிரிப்பு. இந்த மனிதர் எங்கே நின்றாலும் சிரிப்பு அவர் பக்கம் போய்விடுகிறது. இன்னும் ஒரு நிமிஷம் விட்டால் இந்த மலையும் அவருடையதாகிவிடும். வரும் வாரம் நோட்டீஸ் போர்டில் அந்தப் போட்டோ ஒட்டப்படும்.

"ரீசன் படிங்க சார்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"ரீசன் இல்லாத டேக் செல்லாதுன்னு நீங்கதானே சொல்வீங்க. இதுல எழுதியிருக்கு. உங்க கையெழுத்துதான். சத்தமாப் படிங்க."

அவர் படிக்கவில்லை. ஆனால் பார்த்தார். பார்த்ததும் முகத்திலிருந்த சிரிப்பு எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றது. அக்கா அவர் கையிலிருந்து அட்டையை உருவிக்கொண்டார். "டிராமா" என்று படித்தார். பிறகு அவர் பக்கத்தில் குனிந்து, உண்மையாகவே அக்கறையாகக் கேட்கிற குரலில், "இன்னா சார், டிராமாவா?" என்றார்.

போன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. நான் டேக் மாட்டி நின்ற காலையில் லைனில் இருந்த எல்லோருக்கும் அந்த அட்டை எது என்று புரிந்துவிட்டது.

"இல்ல" என்றார் அவர். "நெஜமா முடியல."

"எனக்கும் அன்னைக்கு அப்படித்தான் சார்."

பேனாவை நீட்டினேன். பழையதை அடித்துவிட்டுச் சரியான காரணத்தை எழுதச் சொன்னேன். என் பையில் ஓஆர்எஸ் இருந்தது, தண்ணீரும் இருந்தது. இரண்டையும் வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கொடுமை என்று தோன்றினால் தோன்றட்டும். அவர் உயிருக்கு ஒன்றும் ஆபத்து இல்லை என்று இளைய வழிகாட்டி நாடி பிடித்துப் பார்த்துச் சொல்லியிருந்தார். அவர் 'டிராமா' மேல் ஒரு கோடு இழுத்தார். கீழே 'முடியல' என்று எழுதினார். பாக்கெட்டைப் பிரித்துத் தண்ணீரில் கலக்கி அவரிடம் கொடுத்தேன். குடித்தார். அவர் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை.

பிறகுதான் எனக்கான அடி விழுந்தது. பெரியவர் இறங்கி வந்து அவரைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், இறங்கலாம் என்றார். உச்சி இதோ எதிரில் இருக்கிறது, அவரை இளையவரோடு இங்கே உட்கார வைத்துவிட்டு நாங்கள் போய் வருகிறோமே என்று கெஞ்சினேன். முடியாது என்றார். சேர்ந்து ஏறினால் சேர்ந்துதான் இறங்க வேண்டும், மேகம் இறங்கினால் புல்வெளியில் பாதை தெரியாது. சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "நீ மெதுவா வந்திருந்தா போயிருக்கலாம் அம்மிணி" என்றார்.

உச்சியைப் பார்த்தேன். பாறைக்குப் பின்னால் வெள்ளையாக ஏதோ எழும்பிக்கொண்டிருந்தது. வரையாடு எதுவும் தெரியவில்லை. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் ஏரிக்கரையில் நான் ஓடியது அந்தப் பாறையைத் தொடத்தான். அதைத் தொடாமல் இறங்கப் போகிறேன், காரணமும் நான்தான். வலித்தது. இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பாறை அங்கேயேதான் இருக்கும். அந்தச் சொல் அந்த வாயிலிருந்து இன்னொரு தடவை வராது. இரண்டில் எது வேண்டும் என்று அந்த இடத்தில் மறுபடி கேட்டிருந்தாலும் நான் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பேன்.

மெதுவாக நடப்பவர் முன்னால் என்ற விதி இறங்கும்போதும் உண்டு. பெரியவர் யாரையும் கேட்கவில்லை. சூப்பர்வைசரின் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் தனக்குப் பின்னால் நிறுத்தினார். அவருக்குப் பின்னால் நான். அவருடைய பையை அவரே சுமக்கட்டும் என்று பையனிடமிருந்து வாங்கிக் கொடுத்தேன். அதன் கொக்கியில் அட்டையை மாட்டினேன். அவருக்குத் தெரியும். கழற்றவில்லை.

சோலை முழுக்க அவர் அடிக்கு ஒரு அடியாக வைத்து இறங்கினோம். அவ்வளவு மெதுவாக நான் என் வாழ்க்கையில் நடந்ததில்லை. ஏறும்போது பார்க்காததையெல்லாம் இறங்கும்போது பார்த்தேன். பாசிக்குள் சிவப்புத் தொப்பி வைத்த காளான்கள், இலைக்கு அடியில் தொங்கும் ஒரு பச்சைத் தவளை, ஓடையில் கைவிரல் நீளத்துக்கு மீன்கள். பின்னால் அக்கா முட்டி வலியோடு கதை சொல்லிக்கொண்டு வந்தார். கண்ணுக்கு நேராக அந்தச் சிவப்பு அட்டை ஆடிக்கொண்டே போனது. இரண்டும் சேர்ந்து எனக்கு ரொம்ப அழகாக இருந்தது. அந்தக் காடும், அந்த அட்டையும்.

பழிவாங்கினால் மனம் வெறுமையாகிவிடும் என்று சொல்வார்கள். பஸ்ஸில் ஏறியதும் அக்கா தோளில் சாய்ந்து ஊர் வருகிறவரை தூங்கினேன்.

திங்கட்கிழமை காலை லைனில் வழக்கம்போல நின்றோம். ஓகே, ஓகே என்று சொல் ஓடியது. எனக்கு எதிர்ப்பக்கத்தில் நிற்கும் ஒரு பெண், போன மாதம்தான் சேர்ந்தவள், தன் முறை வந்ததும் தயங்கித் தயங்கி "என்ஜி" என்றாள். தலைவலி என்றாள். லைன் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

சூப்பர்வைசர் அவளிடம் போகவில்லை. அவர் கண் முதலில் என்னிடம்தான் வந்தது. நான் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மாற்று ஆளைக் கூப்பிட்டு அவள் இடத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டு, நொண்டிக்கொண்டே கேபினுக்குள் போய்விட்டார்.

அக்கா டேப்பைச் சுற்றிக்கொண்டே கேட்டார்: "திருந்திட்டான்றியா?"

"இல்லக்கா. பயந்துட்டார்."

"அதுவே போதுமா ஒனக்கு?"

போதும் என்றேன். அன்றைக்கு டீ பிரேக் முடிந்து வந்த பிறகு என் முழங்கை யாரையும் இடிக்கவில்லை.